வியாழக்கிழமைப் போத்தல்

எனக்கு முன்னே இந்த ஊருக்கு வந்து, எனக்கும் சேர்த்து ஒரு பாய் விரித்து வைத்த என் அன்பு மச்சாளுக்கு,

அடுத்த புதன்கிழமை உங்கள் ஆட்டத்திவசம். ஒரு வருசம் போனதே தெரியவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன், நீங்கள் சிரிப்பீர்கள். ஒவ்வொரு நாளும் நன்றாகவே தெரிந்தது.

முதலில் வீட்டுப் புதினம். அண்ணா கபோச் சந்தையில் அதே பழக்கடையில்தான் நிற்கிறார். முன்பெல்லாம் முதலாளி கத்தி விற்பார், அண்ணா நிறுத்துக் கொடுப்பார். இப்போது அண்ணாவே கத்துகிறார், அதுவும் பலெர்மோக்காரர் இழுக்கிற அதே இழுவையில். நீங்கள் கேட்டால் வயிறு நோகச் சிரித்திருப்பீர்கள். மதிக்குப் பத்து வயது. தமிழை மறந்துவிடுவாளோ என்று பயந்தீர்களே, மறக்கவில்லை. கோபம் வந்தால் மட்டும் சிசிலிக்காரி மாதிரிக் கையை ஆட்டிக்கொண்டு இத்தாலியனுக்குத் தாவிவிடுவாள். இந்த நாட்டில் இருப்பதற்கான என்னுடைய பெர்மெஸ்ஸோவைப் புதுப்பித்தாயிற்று. குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றேன். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவர நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் சின்யோரா வீட்டு வேலையை இப்போது நான்தான் செய்கிறேன். எழுத வந்த விசயமும் அந்த வீட்டோடு சேர்ந்ததுதான்.

நான் உங்களுக்கு ஒரு பிழை செய்தேன், மச்சாள். எங்கள் வீட்டில் அது எனக்கும் மதிக்கும் மட்டும்தான் தெரியும் என்று ஒரு வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன். தெரிந்த கதையைத் திரும்பச் சொல்கிறாள் என்று கோபிக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்த அந்த ஐப்பசியில் உங்கள் அம்மா எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கபோ வீட்டில் டெலிபோன் இல்லை. சின்யோராதான் தன் வீட்டு நம்பரைக் கொடுக்கச் சொன்னார். கொழும்பில் இருந்த உங்கள் தம்பி வியாழக்கிழமைப் பின்னேரங்களில் எடுப்பதாக ஏற்பாடு. வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு லீவு. மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் கடைத்தெருவுக்குப் போவார்கள், வெயில் இருந்தால் மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போவார்கள். நீங்கள் அந்த லீவு நேரத்தில் வேலை வீட்டுக் குசினியிலேயே ஸ்டூல் போட்டு டெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

முதல் வியாழன் அது அடிக்கவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. மூன்றாம் வியாழன் சின்யோரா குசினிக்குள் வந்து, உங்களை ஸ்டூலில் இருந்து எழுப்பி, மேசையில் தனக்கு எதிரே கதிரையில் இருத்தினார். கறுத்தப் போத்தல் ஒன்றைத் திறந்து இரண்டு கிளாசில் ஊற்றினார். "இன்றைக்கு நீ எனக்கு வேலை செய்யவில்லை. அதனால் இரு" என்றாராம். நீங்கள் இருந்தீர்கள். டெலிபோன் அன்றைக்கும் அடிக்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவை அழுதீர்கள் என்று பிறகு எனக்குச் சொன்னீர்கள்.

நாலாம் வியாழன் அடித்தது. அம்மா சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார், உயிரோடு. சின்யோரா இன்னொரு போத்தல் திறந்தார். அதற்குப் பிறகு டெலிபோனுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வியாழன்களிலும் நீங்கள் அங்கேயே இருக்கத் தொடங்கினீர்கள்.

அது பிரெஞ்சு வைன். சிசிலியில் மலைக்கு மலை திராட்சை கிடக்க, பிரான்சிலிருந்து யார் வைன் இறக்குவார்கள்? சின்யோராவின் சிநேகிதிகளும் அதைத்தான் கேட்டுப் பகிடி பண்ணுவார்களாம். சின்யோராவின் தங்கை பிரான்சின் தென்மேற்கில் காஓர் என்ற ஊர்ப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவர். ஒவ்வொரு வருசமும் இலையுதிர் காலத்தில், அந்தப் பக்கத்திலிருந்து காரில் வருகிற யாரையாவது பிடித்து, ஜெனோவாக் கப்பலில் ஒரு பெட்டி அனுப்பிவிடுவார். விலை கூடிய வைன் இல்லை. அந்த ஊரில் ரொட்டி வாங்கும்போது சேர்த்து வாங்குகிற சாமானாம். விருந்தாளிகள் வந்தால் சின்யோரா மேசையில் பெயர்பெற்ற போர்தோ வைன் வைப்பார், காஓர்ப் போத்தல் குசினியில்தான் நிற்கும். "அவர்கள் லேபலைக் குடிக்கிறார்கள். நாம் வைனைக் குடிப்போம்" என்பார்.

அந்த ஊரைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் நீங்கள் எனக்கு ஒப்புவித்திருக்கிறீர்கள். லொத் என்ற ஆறு வளைந்து வளைந்து ஓடுமாம். வளைவுக்குள் திராட்சைத் தோட்டம், மேலே சுண்ணாம்புக்கல் மேடு. மல்பெக் என்ற திராட்சை, தோல் தடித்தது, சாறு கறுத்தது. ஒருமுறை பெரிய குளிர் வந்து கொடிகள் முழுக்கக் கருகிப்போய், சனம் முதலிலிருந்து நட்டதாம். முந்திய காலத்துப் போர்தோ வியாபாரிகள் தங்கள் வெளிறின வைனுக்கு நிறமும் பலமும் ஏற்றுவதற்கு இந்தக் கறுத்த வைனை வாங்கிக் கலப்பார்களாம். பெயர் மட்டும் போர்தோவின் பெயர். இதைக் கேட்டதும் நீங்கள் சின்யோராவிடம், "அப்படியென்றால் இதுவும் என்னைப் போல வேலைக்குப் போன வைன்தான்" என்றீர்களாம். போன மாசம்கூடச் சின்யோரா அதை நினைத்து எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மூன்றாம் வியாழன் நீங்கள் வீட்டுக்கு வந்தபோது உதடும் பல்லும் கறுத்துக் கிடந்தன. அண்ணா மேசையில் புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாயென்ன கறுத்துக் கிடக்கு?" என்று கேட்டார்.

"ஜெல்சி கிரனித்தா சாப்பிட்டனான். சின்யோரா வாங்கித் தந்தவ," என்றீர்கள்.

ஜெல்சி என்றால் முசுக்கட்டைப் பழம். அதன் சாற்றை உறைய வைத்துச் சுரண்டித் தருகிற கிரனித்தாவைத் தின்றால் வாய் கறுப்பது உண்மைதான். அண்ணா "ம்" என்றார், புட்டைப் பிசைந்தார். அதோடு முடிந்தது என்றுதான் நீங்கள் நினைத்தீர்கள். நானும் நம்பிவிட்டேன். அதற்குப் பிறகும் வியாழன்களில் உங்கள் வாய் கறுத்தே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஜெல்சிதான்.

தை மாசத்தில் ஒரு வியாழன் மழை கொட்டியது. குடை கொண்டு சின்யோரா வீட்டுக்கு வந்தேன். குசினி மேசையில் மதி பள்ளிக்கூடப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். நீங்கள் இருவரும் எதிரெதிரே இருந்தீர்கள், நடுவில் போத்தல். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். என்னைக் கண்டு நீங்கள் பதறுவீர்கள் என்று நினைத்தேன். பதறவில்லை. இன்னொரு கிளாஸ் எடுத்தீர்கள்.

ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தேன். வருத்தக்காரருக்கு அவித்துக் கொடுக்கிற கசாயம் மாதிரி இருந்தது.

"உடனை விழுங்காதையும்," என்றீர்கள். "நாவற்பழம் தின்னேக்கை என்ன செய்வீர்? வாயுக்கை வைச்சிரும். முதல் துவர்க்கும். பிறகுதான் பழம் வரும்."

வந்தது. நாவற்பழமும், கொஞ்சம் மிளகும், மழை பெய்த மண்ணும் வந்தன. எனக்கு அது போதும், இரண்டாம் மிடறு கேட்கவில்லை. உங்களுக்கோ அதில் கதைக்க அவ்வளவு இருந்தது. ஒரு மணித்தியாலம் முன்னமே திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முறைத்துக்கொண்டு நிற்கும் என்றீர்கள். மீனோடு ஒத்துவராது, ஆட்டிறைச்சியோடு ஒத்துவரும் என்றீர்கள். கறித்தூள் கூடினால் வைன் கசக்கும், அதனால் தூளைக் குறைத்து மிளகில் பிரட்ட வேண்டும் என்று நீங்களே கண்டுபிடித்துச் சமைத்தீர்கள். வியாழக்கிழமைகளில் ஒரு பாதி சாப்பாட்டுப் பெட்டியில் சின்யோரா வீட்டுக்குப் போகும், மறுபாதி எங்கள் சட்டியில் கிடக்கும். உங்கள் நாக்கு அப்படிப்பட்ட நாக்கு. வேறு வீட்டில் பிறந்திருந்தால் அதற்கே சம்பளம் வாங்கியிருப்பீர்கள்.

வீட்டுக்கு வரும்போது படிக்கட்டில் என் கையைப் பிடித்தீர்கள். "மச்சாள், நீர் வாயைத் திறக்கக் கூடாது, சொல்லிப்போட்டன். உங்கட அண்ணைக்குத் தெரிஞ்சால் அந்தாள் ஒண்டும் சொல்லாது. ஆனா மனசுக்கை வைச்சுக்கொண்டு திரியும். ஒரு கிழமைக்கு ஒரு கிளாஸ். அது என்ர."

அது என்ர. அந்தச் சொல்லை நான் அன்றைக்குச் சரியாகக் கேட்கவில்லை. எங்களுக்கென்று இந்த ஊரில் என்ன இருந்தது? அறையைப் பகிர்ந்தோம், உடுப்பைப் பகிர்ந்தோம், டெலிபோன் கார்ட்டைக்கூட நிமிசம் பார்த்துப் பகிர்ந்தோம். உங்களுக்கே உங்களுக்கென்று இருந்தது அந்த ஒரு கிளாஸ் வைன். நான் வாக்குக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

பிறகு வருத்தம் வந்தது. குடலில் தொடங்கி ஈரலுக்குப் போய்விட்டது என்று டொத்தோரே சொன்னார். குடிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நான் கேட்காமலே சொன்னார், ஏனென்றால் சின்யோரா தனியாகப் போய் அழுதழுது அவரிடம் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கடைசி வியாழக்கிழமை நீங்கள் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? "சின்யோரா போத்தல் திறந்தவவோ?" ஓம் என்று சொன்னேன். திறக்கவில்லை. அவர் உங்கள் கட்டிலின் அந்தப் பக்கத்தில்தான் இருந்தார், நீங்கள் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

இனி எட்டு.

எட்டாம் நாள் படையலில் போனவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது எங்கள் வழக்கம். மரக்கறிக் கட்டுப்பாடு அன்றைக்கு இல்லை. ஆம்பிளை என்றால் சாராயம் வைப்பார்கள், சுருட்டு வைப்பார்கள். உயிரோடு இருக்கும்போது ஒளித்துக் குடித்தவனுக்குக்கூட எட்டன்று நடுவீட்டில் வைத்து ஊற்றுவார்கள். அந்த ஒரு நாளில் யாரும் யாரையும் குறை பிடிப்பதில்லை. ஆம்பிளை என்றால்.

உங்களுக்கு எல்லாம் சமைத்தோம். மீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், ஆட்டிறைச்சி, வடை. பகேரியாவிலிருந்து ராணியக்கா விடிய முதல் ரெயிலில் வந்து கத்தரிக்காய் வதக்கினார். குடிக்க என்ன வைப்பது என்று யோசித்து அவர்தான் ஒரு பெரிய கிளாசில் ஒரேஞ் சோடா வைத்தார். உங்களுக்குச் சோடா என்றாலே பிடிக்காது. நுரை மூக்குக்குள் போகிறது என்று முகத்தைத் திருப்புவீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கும்போது ராணியக்கா கேட்டார்: "ஏனடியப்பா, ஈரல் வருத்தமெண்டால் குடிக்கிற ஆக்களுக்கெல்லோ வாறது? இந்தப் பிள்ளைக்கு எப்பிடி வந்தது?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கேட்ட கேள்வி அறைக்குள் நின்றது. நாலைந்து பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்யோரா படியேறி வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், மூன்று மாடி, லிப்ட் இல்லை. கறுத்தக் கோட்டு, கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய போத்தல். எட்டாம் நாளன்று என்ன செய்வோம் என்று உங்களிடம் எப்போதோ கேட்டு வைத்திருந்தார் போலும். நேரே உங்கள் படத்துக்கு முன்னால் போய்த் தாளை உரித்து, போத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

எல்லோரும் போத்தலைப் பார்த்தார்கள். அண்ணா போத்தலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

மதி என் பக்கத்தில் நின்றாள். "மாமி, அது அம்மாட வீனோ?" என்று கேட்டாள். வைனை அவள் இத்தாலியனில்தான் சொல்வாள்.

நான் அவளைக் கிள்ளினேன். சும்மா தொட்டதல்ல, மச்சாள். மேல்கையில் சதையைத் திருகிக் கிள்ளினேன். உங்களுக்கு எட்டு நடக்கிற இடத்தில், உங்கள் படத்துக்கு முன்னால், உங்கள் பிள்ளையை. அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சமையலுக்கு," என்றேன் எல்லோருக்கும் கேட்க. "இறைச்சிக்கு விடுறது. மச்சாள் முந்திக் கேட்டு வைச்சவ." சின்யோராவின் கையிலிருந்து போத்தலை வாங்கினேன். அண்ணா கொஞ்சம் பொறுத்து, "ம். அப்ப குசினியிலை வை," என்றார். கொண்டுபோய் அரிசிப் பையின் பின்னால் வைத்தேன். திரும்பி வந்தபோது சின்யோரா ஒரேஞ் சோடாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. போத்தல் எங்கே போனது என்று பார்க்கத் தமிழ் தேவையில்லையே. ஐந்து நிமிசம் இருந்தார். மதியின் தலையைத் தடவினார். கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்களைக் கேளுங்கள். மச்சாளுக்குக் கொடுத்த வாக்கு. அண்ணாவின் மனசு. குடித்துத்தான் செத்தாள் என்று பகேரியா வரைக்கும் கதை போய்விடும், நாளைக்கு மதிக்குக் கலியாணம் பேசும்போது அது முன்னால் வந்து நிற்கும். எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இருந்தது வெறும் பயம், மச்சாள். நாலு பெண்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அதற்காக உங்களுக்குப் பிடித்த ஒரே சாமானை உங்கள் முன்னாலிருந்து பறித்துக்கொண்டு போனேன். எட்டு இன்னொரு முறை வராது.

இரண்டு மாசம் கழித்துச் சின்யோரா என்னை வேலைக்குக் கூப்பிட்டார். அன்றைய விசயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வியாழக்கிழமைகளில் மத்தியானம் ஒரு மணிக்கு, "நீ போகலாம்" என்பார். நான் போய்விடுவேன். இந்த இலையுதிர் காலத்திலும் காஓரிலிருந்து பெட்டி வந்தது. சாமான் அறையில் உடைக்காமலே கிடக்கிறது, பழைய பெட்டிக்கு மேலே. கிழமைக்கு ஒருமுறை தூசி தட்டுகிறேன். எங்கள் வீட்டில் அரிசிப் பை முடிந்து புதுப் பை வரும், போத்தலை எடுத்துத் திரும்பவும் பின்னால் வைப்பேன். மதி அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள். வைன் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் பிறகு கேட்கவில்லை. நல்ல பிள்ளையாக வளர்த்துவிட்டேன், இல்லையா?

போன ஞாயிறு காலை அண்ணாவும் நானும் குசினியில் இருந்து திவசத்துக்குச் சாமான் எழுதினோம். வாழைக்காய், பூசணி, பருப்பு, நெய். அண்ணா தன் கணக்கில் பழங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். சட்டென்று நிறுத்தி, "உந்த அரிசிப் பைக்குப் பின்னாலை ஒரு போத்தல் கிடந்தது. இன்னும் கிடக்கோ?" என்றார்.

"எந்தப் போத்தல்?" என்றேன். பாருங்கள், அப்போதும்.

"சின்யோரா கொண்டந்தது. கறுத்தப் போத்தல்."

"அது... சமையலுக்கு..."

அண்ணா பென்சிலைக் கீழே வைத்தார். "நான் என்ன வேலை செய்யிறன்?"

"பழக்கடையிலை நிக்கிறியள்."

"எத்தினை வருசமா?"

"பத்து வருசம் இருக்கும்."

"ஜெல்சி ஆனி, ஆடியிலை வந்து போற பழம். ஒரு நாளிலை கசங்கிப் போகும். அந்த முதல் நாள் அவள் ஜெல்சி எண்டு சொல்லேக்கை என்ன மாசம்? கார்த்திகை. நான் கடையிலை தோடம்பழம் அடுக்கிப்போட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன். தை மாசமும் ஜெல்சி, மாசி மாசமும் ஜெல்சி. பலெர்மோவிலை எனக்குத் தெரியாமல் எந்த மரம் காய்ச்சது?"

அவர் நிறுத்தவில்லை.

"வியாழக்கிழமை இறைச்சியிலை உறைப்பில்லை. மிளகுதான். அது ஆருக்காகச் சமைச்சது எண்டு எனக்குத் தெரியாதே? பிள்ளையைக் கேட்டால் மேலே பாக்கிறாள். சரி, சந்தோசமா வாறாள், சந்தோசமாப் படுக்கிறாள், இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

"அப்ப எட்டண்டைக்கு நீங்களே எடுத்து வைச்சிருக்கலாமே அண்ணா."

"எப்பிடி வைக்கிறது? அவள் எனக்கு ஒளிச்சு வைச்சிருந்த ஒண்டு. நான் எடுத்து வைச்சால் பிடிச்சுப்போட்ட மாதிரியெல்லோ இருக்கும். நீ கூட்டாளி. நீ வைப்பாய் எண்டு உன்னைப் பாத்துக்கொண்டு நிண்டனான். நீ சமையலுக்கு எண்டாய். உனக்கும் அவளுக்கும் ஏதோ கதை இருக்கும் எண்டு குசினியிலை வைக்கச் சொன்னனான்."

நீங்கள் அவருக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்தீர்கள். அவர் தனக்குத் தெரியும் என்பதை உங்களுக்கு ஒளித்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பெரிய காவல் காத்தேன். மூன்று பேர் ஒருவரை ஒருவர் காப்பாற்றி, கடைசியில் உங்களுக்குக் கிடைத்தது ஒரேஞ் சோடா. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அண்ணா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "காணும். பூசணிக்காய் எவ்வளவு எண்டு எழுது," என்றார். அவருடைய கண்ணும் சரியாக இல்லை.

பிறகு அவரே சொன்னார்: "திவசத்திலை மச்ச மாமிசமும் இல்லை, குடியும் இல்லை. அது முறையா நடக்கட்டும். அடுத்த நாள் வியாழக்கிழமைதானே. அண்டைக்கு வைப்பம்."

திங்கட்கிழமை சின்யோராவிடம் போய் என் அரைகுறை இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன். சமையலுக்கு என்று பொய் சொன்னதை, ஏன் சொன்னேன் என்பதை, மதியைக் கிள்ளியதை. அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டார். "எனக்கு அன்றைக்கே விளங்கியது. நான் இந்த ஊரில் பிறந்தவள். என் அம்மாவும் குசினியில் நின்றுதான் குடித்தாள், விருந்து மேசையில் ஒருநாளும் இல்லை" என்றார். பிறகு, "பிள்ளையைக் கிள்ளியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை" என்றார். பிறகு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார். போத்தல் ஒரு வருசம் அரிசிப் பைக்குப் பின்னால் கிடந்ததால் கெட்டிருக்குமோ என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அது பொறுத்திருக்கத் தெரிந்த வைனாம்.

அதனால், மச்சாள், இது என் வாக்கு. திவசத்துக்கு அடுத்த நாள், வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் வீட்டில். அண்ணா கடையை நேரத்தோடு விட்டு வருவார். சின்யோரா வருவார், மூன்றாம் மாடிக்கு அண்ணா கைபிடித்துக் கூட்டி வருவார். எட்டுக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் சொல்லிவிட்டேன், ராணியக்காவுக்கும். ஏன் என்று கேட்டார், வந்து பாருங்கோ என்றேன். ஆட்டிறைச்சியை மிளகில் பிரட்டுவேன், தூள் குறைத்து. மூன்று மணிக்கே போத்தலைத் திறந்து வைப்பேன். உங்கள் படத்துக்கு முன்னால் உங்கள் கிளாசை வைத்து நானே ஊற்றுவேன்.

நேற்று மதியைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எங்கே கண்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

"மாமி, நான் முந்திக் கேட்ட மாதிரிக் கேக்கலாமோ?" என்றாள்.

"ஓம்."

"கிள்ள மாட்டியளோ?"

கிள்ள மாட்டேன், மச்சாள். வியாழக்கிழமை அவளை என் பக்கத்திலேயே நிறுத்துவேன். அது அம்மாவின் வைனோ என்று அவள் எல்லோருக்கும் கேட்கக் கேட்கட்டும். ஓம், அம்மாவின்தான் என்று எல்லோருக்கும் கேட்க நான் சொல்வேன்.

உங்கள் மச்சாள்,
மதியின் மாமி